பன்னிரண்டாவது மூலை

மார்ச் 4

தம்பி,

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். இடது கையால் எழுதுகிறேன். வலது கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் போன இடத்தில் தையல் பிரித்து ஒரு வாரம்தான் ஆகிறது. பேனாவைக் கட்டைவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவே செருகிப் பார்த்தேன். இரண்டு வரிக்குள் ரத்தம் கசிந்து காகிதம் வீணானதுதான் மிச்சம்.

நீ மூன்று முறை சிறைக்கு வந்தாய், நான் பார்க்க மறுத்தேன். உன் முகத்தைக் கண்டால் கம்பிக்கு நடுவே கையை விட்டு அறைந்துவிடுவேன் என்ற பயம்தான். கடிதத்தில் அறைய முடியாது என்பதால் எழுதுகிறேன்.

நீ போலீஸில் கொடுத்த வாக்குமூலத்தை வக்கீல் அம்மா நேற்று கொண்டுவந்து காட்டினார். “மைக்ரோஸ்கோப் அறையில் இருவருக்கும் வாக்குவாதம் ஏற்பட்டு, கைகலப்பாக முடிந்தது. யார் முதலில் ஆரம்பித்தார்கள் என்று எனக்குத் தெரியாது.” கீழே உன் கையெழுத்து, அழகாக, ஒரு புள்ளி தப்பாமல்.

நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாலடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாய். சுத்தியல் என் தலைமுடியைப் பிடித்து இழுத்ததையும், என் கையைக் கதவு இடுக்கில் வைத்து அந்த இரும்புக் கதவை இரண்டு முறை அறைந்து சாத்தியதையும் பார்த்தாய். (நம் ஆய்வுக்கூடத் தலைவனுக்கு நாம் வைத்த பட்டப்பெயரை இங்கேயும் பரப்பிவிட்டேன். இங்கே எல்லோருக்கும் அவன் சுத்தியல்தான்.) அதற்குப் பிறகுதான், இடது கைக்கு அகப்பட்ட திரவ நைட்ரஜன் குடுவையைத் தூக்கி அவன் முகத்தில் அடித்தேன். குடுவையின் விளிம்பு ஒரு கண்ணைக் கிழித்தது. உள்ளே இருந்தது கன்னத்தில் கொட்டித் தோலை வெந்த மாதிரி உரித்தது. அதை நான் மறுக்கவில்லை.

அவன் சொல்லும் கதை தலைகீழ். நான் முதலில் அடித்தேனாம், அவன் வலியில் வெளியே ஓடும்போது கதவு தானாக என் கையில் சாத்திக்கொண்டதாம். எது முதலில் என்பதுதான் வழக்கே. கதவு முதலில் என்றால் நான் என்னைக் காப்பாற்றிக்கொண்டேன், வீட்டுக்கு வருவேன். குடுவை முதலில் என்றால் ஏழு வருஷம். பார்த்தவன் நீ ஒருவன். ஏப்ரல் 21, செவ்வாய்க்கிழமை, உன்னைக் கூண்டில் ஏற்றுகிறார்கள்.

உன்னிடம் ஒரே ஒரு வாக்கியம் கேட்கிறேன். கதவு முதலில் என்று சொல்.

அக்கா


மார்ச் 12

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கை எப்படி இருக்கிறது என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

நான் பொய் சொல்லவில்லை, அக்கா. நான் அப்போது திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். கண்ணாடியில் விளக்கின் எதிரொளி வேறு. பார்த்ததாக நினைப்பதும் உண்மையில் பார்த்ததும் ஒன்றா என்று யோசித்தால் எனக்கே குழப்பமாக இருக்கிறது. பொத்தாம்பொதுவாகச் சொன்னால் இரண்டு பக்கத்துக்கும் பெரிய சேதம் இருக்காது, சமாதானமாக முடித்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

அம்மா இப்போது என்னோடு இருக்கிறாள். “ரெண்டு பேருக்குமே கோபம் வந்தா கண்ணு மண்ணு தெரியாது, இதுல யாரைன்னு சொல்றது” என்கிறாள். அவளிடம் விவரமாக எதுவும் சொல்லவில்லை.

சார் போன திங்கள் வேலைக்குத் திரும்பிவிட்டார். கண்ணில் கறுப்புத் துணி கட்டியிருக்கிறார், கையில் ஒரு தடி வைத்திருக்கிறார். உன் மேசையை எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். டிராயரில் உன் சாம்பல்நிற ஸ்வெட்டர் இருந்தது. வீட்டுக்கு எடுத்து வந்து துவைத்து வைத்திருக்கிறேன்.

ஒருவேளை உனக்கு அங்கே குளிராக இருந்தால் சொல், அனுப்புகிறேன்.

தம்பி


மார்ச் 19

தம்பி,

எதிரொளியா? நல்லதாக ஒரு வார்த்தை கண்டுபிடித்திருக்கிறாய்.

என் அறையில் ஒரு தையல்காரி இருக்கிறாள். புருஷனைக் கத்தரிக்கோலால் குத்திவிட்டு வந்தவள். என்ன வேலை பார்த்தாய் என்று கேட்டாள். குதிரைகளுக்கு வருகிற ஒரு ஹெர்பிஸ் வைரஸ், வயிற்றில் இருக்கும் குட்டியையே கொன்றுவிடும், அதன் புரதக் கூட்டைப் படம் எடுப்பது என் வேலை என்றேன். கூடு எப்படி இருக்கும் என்றாள். இருபது முக்கோணத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த பந்து மாதிரி, பன்னிரண்டு மூலை வரும் என்றேன். தைக்கிறவள் அல்லவா, விரலால் காற்றில் மடித்துப் பார்த்துச் சரி என்றாள்.

பதினொரு மூலை ஒரே அச்சு. ஒவ்வொன்றையும் ஐந்து புரதங்கள் கூடி மூடியிருக்கும். பன்னிரண்டாவது மூலையில் மட்டும் ஒரு வளையம், நடுவில் ஓட்டை. அந்த ஓட்டை வழியாகத்தான் டி.என்.ஏ.வை உள்ளே திணிக்கும். கார் டயரில் இருப்பதைவிடப் பத்து மடங்கு அழுத்தம் வரும்வரை திணிக்கும். பிறகு ஒரு செல்லுக்குள் புகுந்து, அதன் உட்கருவின் வாசலில் அந்த மூலையைப் பொருத்தி, அத்தனையையும் உள்ளே பீய்ச்சிவிடும். கேட்டுவிட்டு அவள், “அப்ப அது துப்பாக்கிதானே, பந்துன்னு ஏன் சொன்னே?” என்றாள். நம் கூட்டங்களில் இவ்வளவு நல்ல கேள்வியை யாரும் கேட்டதில்லை.

இந்தக் குதிரை வைரஸுக்கு அந்த ஓட்டையே கிடையாது, பன்னிரண்டு மூலையும் ஒன்றுதான், இது வேறு ஏதோ வழியில் சுடுகிறது என்று சுத்தியல் கட்டுரை போட்டான், மேடை மேடையாகப் பேசினான், விருதும் வாங்கினான். ஓட்டை எங்கே போனது? நீ கம்ப்யூட்டரில் சமச்சீர் என்ற கட்டத்தில் டிக் அடித்தாய். எல்லா மூலையும் ஒன்றே என்று வைத்துக்கொள் என்று அதற்கு உத்தரவு போட்டாய். அது ஒவ்வொரு படத்தையும் அறுபது விதமாகத் திருப்பி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியது. படம் பளிச்சென்று வந்தது. பதினொரு மூலை சேர்ந்து அந்த ஒற்றை மூலையைப் பூசி மெழுகிவிட்டது. நீ சொல்லிக்கொடுத்ததையே கம்ப்யூட்டர் திருப்பிச் சொன்னது, நீங்கள் இருவரும் கண்டுபிடிப்பு என்று குதித்தீர்கள்.

நான் டிக்கை எடுத்துவிட்டு முப்பத்தெட்டாயிரம் படங்களையும் மறுபடி ஓட்டினேன். வளையம் வந்தது. அன்றைக்குக் கூட்டத்தில் அதைத் திரையில் போட்டுக் காட்டினேன். கூட்டம் முடிந்து பத்து நிமிஷத்தில் என் விரல்கள் போய்விட்டன.

“இருவருக்கும் கைகலப்பு” என்று எழுதிக் கொடுத்தாயே, அதுவும் அதே டிக்தான். அவனையும் என்னையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டாய்.

ஸ்வெட்டர் வேண்டாம்.

அக்கா


மார்ச் 30

அக்காவுக்கு,

நீ எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. நீ எப்போதும் இப்படித்தான், ஒரே போடாகப் போட்டுவிடுவாய். எதிரில் இருப்பவன் எழுந்து பேசவே முடியாது.

அந்த டிக் என் தவறுதான் என்று வைத்துக்கொள். ஆனால் நீ அங்கே வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. நான் ஒன்பது வருஷம் இருக்கிறேன். சாரைப் பற்றி உனக்குத் தெரிந்தது பாதிகூட இல்லை. உன்னை அங்கே சேர்த்துவிட்டதே நான்தான் என்று நினைக்கும்போது சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை சார் என்னைக் கூப்பிட்டு, “கோர்ட்டுல என்ன சொல்லப்போறேன்னு யோசிச்சு வச்சிருக்கியா?” என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். தடி நுனியின் இரும்புப் பூண் என் பாதத்தின் மேல் இருந்தது. பேசி முடிக்கும்வரை எடுக்கவில்லை.

நான் சொல்லமாட்டேன் என்று சொல்லவில்லை. எனக்குக் கொஞ்சம் அவகாசம் கொடு.

தம்பி


ஏப்ரல் 8

தம்பி,

உன் பாதத்தில் தடி இருந்தது என்பதை நான்கு முறை படித்தேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நவம்பரில், சைக்கிளிலிருந்து விழுந்து விலா எலும்பு விரிசல் விட்டது என்று சொன்னாய். அந்த வாரமே உன் சைக்கிளை இரவல் வாங்கி ஓட்டினேன். அதில் ஒரு கீறல்கூட இல்லை. அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நீ சிரித்து மழுப்புவாய், எனக்கும் வேலை தலைக்குமேல் இருந்தது, விட்டுவிட்டேன். அதற்கு என்னை மன்னித்துவிடு. இந்த வார்த்தையை நான் எழுதுவது உனக்கே புதுசாக இருக்கும்.

அவன் உன்னையும் அடித்திருக்கிறான். எத்தனை முறை? எதற்காக? எனக்கு எழுது. இங்கே கடிதங்களைப் பக்கம் எண்ணுகிறார்கள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார்கள், தேதி போட்டு முத்திரை குத்துகிறார்கள், அவ்வளவுதான். யாரும் படிப்பதில்லை. பயப்படாமல் எழுது.

அக்கா


ஏப்ரல் 15

அக்கா,

சைக்கிளிலிருந்து விழவில்லை.

கட்டுரை போவதற்கு முன்னால், அந்த நவம்பரில், நானே ஒரு தடவை டிக்கை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். மங்கலாகத்தான் வந்தது, ஆனால் வளையம் இருந்தது. உனக்கு ஒரு வருஷம் முன்னாலேயே நான் அதைப் பார்த்துவிட்டேன். அச்செடுத்து அவனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவன் எழுந்து கதவைத் தாழ்போட்டான். என்னைச் சுவரோடு அழுத்தி முழங்காலால் விலாவில் இடித்தான். மூன்றோ நாலோ இடி. “டிக்கைப் போடு” என்றான். போட்டேன். “அதை அழி” என்றான். அவன் கண் முன்னாலேயே அழித்தேன். அதற்கு முன்னாலும் அடித்திருக்கிறான். முதல் அறை நான் சேர்ந்த மறு வருஷமே விழுந்தது. எண்ணி வைத்துக்கொள்ளவில்லை.

இப்போது உன் விஷயம். எதிரொளி எதுவும் இல்லை. நான் எல்லாவற்றையும் பார்த்தேன். அவன் உன் முடியைப் பிடித்தான், உன் வலது கையைக் கதவு நிலையில் வைத்து அமுக்கினான், தோளால் கதவைச் சாத்தினான். நீ கத்தினாய். திறந்து மறுபடி சாத்தினான். இந்தத் தடவை உன்னிடமிருந்து சத்தமே வரவில்லை. ஒரு விரல் என் பக்கத்துத் தரையில் கிடந்தது. அதன் பிறகுதான் நீ குடுவையை எடுத்தாய். கதவு முதலில், குடுவை பிறகு.

நான் எழுந்து நின்றேன். கதவுப் பக்கம் வரவில்லை. திரும்ப உட்கார்ந்து, ஓடிக்கொண்டிருந்த கணக்கைச் சேமித்தேன். அதற்குப் பிறகுதான் போன் எடுத்தேன். இதை நினைத்தால் என் கையையே வெட்டிப் போடலாம் போல இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை இதையெல்லாம் சொல்லப்போகிறேன். அதற்கு முன்னால், ஞாயிறு காலை அவன் வீட்டுக்குப் போய் நேரில் சொல்லிவிட்டு, ஆய்வுக்கூடத்துச் சாவியையும் கொடுத்துவிட்டு வரப்போகிறேன். ஒன்பது வருஷமாக அவனிடம் சொல்லாமல் ஒருநாள் லீவுகூட எடுத்ததில்லை. முதுகுக்குப் பின்னால் செய்தால் கடைசிவரை பயந்தவனாகவே இருப்பேன். அவன் மறுபடி என்மேல் கை வைத்தால், அக்கா, இந்தத் தடவை அவனை உயிரோடு விடமாட்டேன்.

தம்பி


ஏப்ரல் 18, சனிக்கிழமை

தம்பி,

உன் கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. போகாதே. அவனிடம் நீ எதையும் சொல்லத் தேவையில்லை, அவன் உனக்கு யாருமில்லை. சாவியைத் தபாலில் அனுப்பு.

நாளைக்குத் தபால் எடுக்கமாட்டார்கள் என்று தெரியும். போன் பேச எனக்குத் திங்கட்கிழமைதான் முறை. வார்டரிடம் கெஞ்சிப் பார்த்தேன், காலில் விழாத குறை. சட்டம் சட்டம் என்கிறாள். வக்கீல் அம்மா ஊரில் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன், கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது.

நீ கூண்டில் ஏறி அதைச் சொன்னால் போதும், போகாதே.

அக்கா


ஏப்ரல் 23

அக்கா,

‘போகாதே’ என்று நீ எழுதியதை அம்மா நேற்று லாக்கப்புக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் செத்துவிட்டான் என்று உனக்கு அதற்குள் தெரிந்திருக்கும்.

காலை பத்து மணிக்குப் போனேன். அவன் தனியாக இருந்தான். வாசலிலேயே நின்று, “செவ்வாய்க்கிழமை நான் பாத்ததைச் சொல்லப்போறேன் சார்” என்றேன். “உள்ளே வா” என்றான். போனேன். கூப்பிட்டால் போய்விடுகிறேன், அதுதான் என் வியாதி. கதவைத் தாழ்போட்டுவிட்டுத் திரும்பி, தடியால் அதே விலாவில் அடித்தான். இரண்டாவது அடிக்கு நான் தடியைப் பிடித்துவிட்டேன். பிடுங்கி, பூண் இருந்த பக்கத்தால் தலையில் அடித்தேன். விழுந்துவிட்டான்.

விழுந்த பிறகும் மூன்று முறை அடித்தேன். கண் இல்லாத பக்கமாகப் போய் நின்று அடித்தேன். அவன் பார்க்கிறான் என்றால் எனக்குக் கை எழுந்திருக்காது.

போலீஸிடம், “இருவருக்கும் கைகலப்பு, எப்படி நடந்தது என்று நினைவில்லை” என்று சொல்லியிருக்கிறேன். இங்கே வந்த வக்கீல் அதையே பிடித்துக்கொள் என்கிறார். திட்டம் எதுவும் இல்லை, திடீரென்று நடந்தது என்றால் ஐந்தாறு வருஷத்தில் வந்துவிடலாமாம். நான் போன வாரம் எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு, அக்கா. ‘உயிரோடு விடமாட்டேன்’ என்று அதில் இருக்கிறது. அதைப் பார்த்தால் கொல்லத்தான் போனேன் என்று ஆயுள் தண்டனை போட்டுவிடுவார்கள். நான் கொல்லப் போகவில்லை. சொல்லத்தான் போனேன். உன் வழக்கைத் தள்ளிவைத்திருக்கிறார்களாம், நான் இங்கிருந்தே வந்து சாட்சி சொல்கிறேன், சத்தியம்.

தயவுசெய்து கிழித்துவிடு.

தம்பி


மே 8

தம்பி,

நான் அதைக் கிழிக்கவில்லை.

உன் சாட்சி இனி எதற்கும் ஆகாது. அடிபட்டவனையே கொன்றுவிட்டு, அக்காவுக்காகக் கூண்டில் ஏறுகிறவனை எந்த நீதிபதி நம்புவார் என்று வக்கீல் அம்மா கேட்டார். செத்தவன் கொடுத்த வாக்குமூலம் மட்டும் அப்படியே உயிரோடு இருக்கிறது. அதற்கு எதிராக என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான், அவன் சாவதற்கு முன்னாலேயே நீ உன் கையால் எழுதி, சிறை முத்திரை விழுந்த அந்தக் கடிதம். கதவு முதலில் என்று அதில் தெளிவாக இருக்கிறது.

கடைசிப் பக்கத்தை மட்டும் உருவிக்கொண்டு மீதியைக் கொடுக்கலாமா என்று கேட்டேன். ஆமாம், நான்தான் கேட்டேன். வக்கீல் அம்மா சிறையின் தபால் பதிவேட்டைக் காட்டினார். நாலு பக்கம் என்று எழுதியிருக்கிறது. “ஒண்ணு முழுசாக் குடுங்க, இல்லேன்னா குடுக்காதீங்க. பாதி குடுத்தா ரெண்டு பேருமே மாட்டுவீங்க” என்றார். ஐந்து நாள் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு கிடந்தேன். இரண்டு முறை கிழிக்கத் தொடங்கினேன். முதல் பக்கத்தின் ஓரத்தில் அந்தக் கிழிசல் இருக்கிறது, நீதிமன்றத்தில் உன்னிடம் காட்டுவார்கள். போன சனிக்கிழமை நாலு பக்கத்தையும் கொடுத்துவிட்டேன்.

உண்மைக்காகக் கொடுத்தேன், உன் நல்லதுக்காகக் கொடுத்தேன் என்று சப்பைக்கட்டு கட்ட மாட்டேன். எனக்கு வெளியே வரவேண்டும். ஏழு வருஷம் இங்கே கிடக்க என்னால் ஆகாது. உன் வாழ்க்கையா என் வாழ்க்கையா என்று வந்தபோது என்னுடையதை எடுத்துக்கொண்டேன். இதைப் படிக்கும்போது உனக்கு வயிறு எரியும். எனக்கும் எரிகிறது.

உன்னை மறுபடி விசாரிப்பார்கள். கைகலப்பு என்று மட்டும் சொல்லாதே. அந்த வீட்டில் இருந்த இரண்டு பேரில் நீ ஒருவன்தான் மிச்சம், நீ சொன்னால்தான் உண்டு. அவன் தாழ்போட்டதைச் சொல். விலாவில் முதலில் அடித்தது அவன் என்று சொல், எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேள். ‘அவன் கை வைத்தால் என்றுதான் எழுதினேன், அவன் வைத்தான்’ என்று சொல். விழுந்த பிறகு மூன்று அடி அடித்தேன் என்பதையும் விடாமல் சொல். அதை மறைத்தால் மற்ற எதையும் நம்பமாட்டார்கள். உன் வழக்கையும் வக்கீல் அம்மாவே நடத்துகிறேன் என்றிருக்கிறார். நீ சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

அம்மாவிடம் நானே போய்ச் சொல்லப்போகிறேன், நான் கொடுத்த கடிதத்தால்தான் உனக்கு இது என்று. நீ எதுவும் சொல்லிவைக்காதே.

திங்கட்கிழமை என்னை ஜாமீனில் விடுகிறார்கள். உன்னைப் பார்க்க வியாழக்கிழமை அனுமதியாம். வருகிறேன். நீ என்னைப் பார்க்க வரமாட்டேன் என்று சொன்னாலும், நேரம் முடிகிறவரை உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் போவேன்.

அக்கா